இரவில் வரும் பதில்கள்

கடன் தவணை தவறியவர்கள் என் குறுஞ்செய்திகளுக்கு எழுதும் பதில்களில் பெரும்பாலானவை இரவு ஒன்பதரைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வருகின்றன. பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு எழுதுகிறார்கள். இரண்டாம் ஷிப்ட் முடித்து, காரைக் கிளப்பாமல் உள்ளே உட்கார்ந்தபடி எழுதுகிறார்கள். “வெள்ளிக்கிழமை சம்பளம் வரும், 150 டாலர் போடுகிறேன்.” “இந்த மாதம் மட்டும் பொறுத்துக்கொள்ள முடியுமா?” ஒருவர், இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பணத்தைப் பற்றியே பேச ஆரம்பித்தார். அவற்றை நான் மறுநாள் காலையில் படிக்கிறேன். எனக்கு எழுத அனுமதி காலை 8 மணி முதல் இரவு 9 மணி வரை. அவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே கடன் கொடுத்த பக்கமும் வாங்கிய பக்கமும் ஒரே நேரத்தில் எதிரெதிரே உட்கார நேர்வது அபூர்வம். இந்த வேலையில் நான் கண்ட பெரிய நாகரிகம் அதுதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டின் புறநகர் ஒன்றில் இருக்கும் கிரெடிட் யூனியனில் கடன் வசூல் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொங்கல் விழாவில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு “பேங்கில் இருக்கிறாள்” என்று சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வசூல் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது வாசலில் வந்து நிற்கும் தண்டல்காரரும் தெருவே கேட்கும்படி உயரும் அவர் குரலும். வட்டியைவிட அந்தக் குரலுக்குத்தான் பயந்தார்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்பதற்காகவே கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடியவர்களை எனக்கு ஊரில் தெரியும்.

கிரெடிட் யூனியனை நம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் சட்டென்று புரியும். வரலாற்றுப்படியும் அது உண்மை. சென்னை மாகாணத்தில் ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரி 1895லும் 1897லும் இரண்டு பாகங்களாக ஓர் அறிக்கை எழுதினார். விவசாயி வட்டிக்காரரிடமிருந்து தப்பவேண்டுமானால் ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கியவை போன்ற கிராமக் கடன் சங்கங்கள் இங்கேயும் வேண்டும் என்பது அதன் சாரம். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1907இல் இந்தியாவுக்குப் பயணம் வந்த பாஸ்டன் வணிகர் எட்வர்டு ஃபைலீன், வங்காளத்துக் கிராமங்களில் அப்படிப்பட்ட சங்கங்களைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பியதும் அதைப் பற்றியே பேச ஆரம்பித்தார். 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கிரெடிட் யூனியன் சட்டம் இயற்றியது. 1934இல் நாடு முழுவதற்குமான சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். இதை என் அலுவலகத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவள் எதையும் இந்தியாவில்தான் தொடங்கியது என்று சொல்வாள் என்று சிரித்தார்கள்.

இங்கே கணக்கு வைத்திருப்பவரை வாடிக்கையாளர் என்று சொல்வதில்லை, அவர் உறுப்பினர். அவர் போடும் வைப்புத்தொகை ஒரு பங்கு. அவர் வைத்திருப்பது 5 டாலரோ 50,000 டாலரோ, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவருக்கு ஒரே ஓட்டு. கூட்டாட்சி உரிமம் பெற்ற கிரெடிட் யூனியன்கள் பெரும்பாலான கடன்களுக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. ஒருவருக்குக் கொடுக்கும் கடன் இன்னொரு உறுப்பினரின் சேமிப்பு. இதனால் என் வேலைக்கு விநோதமான ஒரு வடிவம் கிடைக்கிறது: நான் யாரிடம் பாக்கி கேட்கிறேனோ அவரும் சேர்ந்துதான் என் மேலாளருக்கு மேலே இருக்கும் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார். ஓட்டுப் போட வருபவர்கள் மிகக் குறைவு என்பது வேறு கதை.

நான் சேர்ந்த காலத்தில் எல்லாமே தொலைபேசிதான். இயந்திரம் எண்களை வரிசையாகச் சுழற்றும். யாராவது எடுத்தால் அந்த அழைப்பு எங்களில் ஒருவர் காதில் வந்து விழும். எடுப்பவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்தார்கள். தெரியாத எண் என்றால் யாரும் எடுப்பதில்லை. எங்கள் எண் என்று தெரிந்துவிட்டால் நிச்சயமாக எடுப்பதில்லை. எடுத்தவர்களிலும் பலர் பேச்சு முடிந்தால் போதும் என்று வாயில் வந்த தேதியைச் சொல்வார்கள். “பதினைந்தாம் தேதி கட்டிவிடுகிறேன்.” எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு என்று கேட்டால் மௌனம். அந்தத் தேதி எங்கள் பதிவேட்டில் வாக்குறுதியாக ஏறும். பதினைந்தாம் தேதி போய்விடும். பதினாறாம் தேதி நான் மறுபடி அழைப்பேன். இந்த முறை அவர் வாக்குத் தவறியவராகவும் ஆகியிருப்பார். ஒரு கடனாளியை ஐந்து நிமிடத்தில் பொய்யராக்கும் கருவி தொலைபேசி.

கடன் வசூலைக் கட்டுப்படுத்தும் 1977ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியமாகப் பிறருக்காக வசூலிக்கும் நிறுவனங்களைக் குறிவைத்தது. தான் கொடுத்த கடனைத் தன் பெயரிலேயே கேட்கும் எங்களை அது பெரும்பாலும் தொடாது. அதன் கீழ் 2021 நவம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், ஒரு கடனுக்காக ஏழு நாட்களில் ஏழு முறைக்கு மேல் அழைத்தால் அதைத் தொல்லையாகக் கருதலாம் என்றன. குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் ‘இனி வேண்டாம்’ என்று சொல்ல எளிய வழி இருக்கவேண்டும் என்றன. எங்களைக் கட்டாயப்படுத்தாத அந்த விதிகளை எங்கள் சட்ட ஆலோசகர் வேதமாக எடுத்துக்கொண்டார். அப்படித்தான் நான் பேசுவதை விட்டுவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

குறுஞ்செய்தி எழுதுவது ஒரு தனிக் கலை. கொஞ்சம் கஞ்சத்தனமான கலை. ஒரு செய்திக்கு ஆங்கிலத்தில் 160 எழுத்துகள். வேறு மென்பொருளில் எழுதி ஒட்டும்போது ஒரே ஒரு வளைந்த மேற்கோள்குறி உள்ளே நுழைந்துவிட்டால் போதும், முழுச் செய்தியும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, அளவு 70 எழுத்தாகச் சுருங்கிவிடும்; ஒன்று மூன்றாக உடைந்து, மூன்றுக்கும் கட்டணம் விழும். பக்கத்து டியர்போர்னில் அரபு பேசுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு அரபியில் அனுப்பலாம் என்று முடிவெடுத்தபோது இதே 70 எழுத்துக் கணக்கு வந்து நின்றது. தமிழுக்கும் அதே கணக்குதான். 160 எழுத்துக்குள் எங்கள் பெயர், என் பெயர், விஷயம், திருப்பி அழைக்க எண், வேண்டாம் என்றால் ‘ஸ்டாப்’ என்று அனுப்புங்கள் என்ற வரி, இத்தனையும் அடங்கவேண்டும்.

இதில் விஷயம் என்ற பகுதிதான் சிக்கல். பூட்டிய கைபேசித் திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். அதை அந்த வீட்டின் பத்து வயதுப் பிள்ளை படிக்கலாம், அலுவலக மேசையில் பக்கத்தில் இருப்பவர் படிக்கலாம். “உங்கள் கார் கடன் 34 நாட்கள் நிலுவை, 412 டாலர்” என்று அனுப்பினால் வாசலில் நின்று கத்தும் தண்டல்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. அதனால் முதல் செய்தியில் கடன், நிலுவை, தொகை எதுவும் கிடையாது. “உங்கள் கணக்கு குறித்துப் பேசவேண்டும், பதில் எழுதுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அவர் பதில் எழுதி, தான்தான் என்று உறுதி செய்த பிறகே எண்கள் வரும்.

அங்கேதான் அடுத்த தொல்லை. “உங்கள் கணக்கு குறித்து” என்று மொட்டையாகத் தொடங்கும் செய்தியைத்தான் மோசடிக்காரர்களும் அனுப்புகிறார்கள். சுங்கச்சாவடிக் கட்டணம் பாக்கி என்று நாடு முழுவதும் பறந்த போலிச் செய்திகளைப் பற்றி 2024 ஏப்ரலில் எஃப்பிஐ எச்சரித்தது. அதிலிருந்து எனக்கு வரும் முதல் பதில்களில் கணிசமானவை திட்டுகள். கண்ணியத்துக்காக நாங்கள் மறைக்க மறைக்க, செய்தி மேலும் மேலும் போலியாகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்து இதற்கு முழுத் தீர்வு கிடையாது. சுட்டி எதுவும் வைக்காமல், “உங்கள் அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு நீங்களே அழைத்து என் பெயரைச் சொல்லுங்கள்” என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் நம்புகிறார்கள்.

சந்தைப்படுத்தல் பிரிவினர் ஒரு காலத்தில் எங்கள் செய்திகளை ‘நட்பாக’ மாற்ற ஆசைப்பட்டார்கள். “ஹாய்! ஏதாவது மறந்துவிட்டீர்களா?” என்று தொடங்கி ஒரு சிரித்த முகப் படத்தோடு முடியும் வாசகம் தயாரானது. தவணை கட்டாதவர் மறந்துவிட்டதால் கட்டாதவர் அல்ல. வாடகையா, காரா, மருந்தா என்று மூன்று நாட்கள் கணக்குப் போட்டுவிட்டுக் காரைத் தள்ளிவைத்தவர் அவர். அவரிடம் போய்ச் சிரித்த முகத்தைக் காட்டுவது என் கணக்கில் அதட்டுவதைவிட மரியாதைக்குறைவு. நான் இதை எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. அந்தச் சிரித்த முகம் வந்தாலும் செய்தி 70 எழுத்தாகச் சுருங்கும், கட்டணம் கூடும் என்று கணக்கு எடுத்துக்கொண்டு போனேன். மறுநாளே நீக்கினார்கள்.

எங்கள் நாட்காட்டியில் சில எல்லைக் கற்கள் உண்டு. முப்பது நாட்கள் தாண்டினால் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்குத் தகவல் போகும். அந்தக் கறை ஏழு ஆண்டுகள் நிற்கும். அறுபது நாட்கள் தாண்டினால் ஒழுங்குமுறை அமைப்புக்கு நாங்கள் தரும் அறிக்கையில் அது நிலுவைக் கடனாக ஏறும், அன்று முதல் என் மேலாளரின் குரலில் ஒரு மாற்றம் தெரியும். 180 நாட்களில் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள். அது நம் ஊர்த் தள்ளுபடி போன்றது அல்ல, கடன் கடனாகவே நிற்கும். இதில் முதல் முப்பது நாட்கள்தான் பொன்னான காலம். தவணைத் தேதியைச் சம்பளத் தேதிக்கு மாற்றலாம். ஒரு மாதத் தவணையைக் கடனின் கடைசிக்குத் தள்ளலாம். ஐந்தாம் தேதி தவணை, ஏழாம் தேதி சம்பளம் என்பதால் மட்டுமே மாதாமாதம் தாமதக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் மாற்றித் தருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் எங்களுக்கு அறுவடைக் காலம்: வருமான வரித் திருப்பித் தொகை வரும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரிச் சலுகை கோரியவர்களுக்கு அந்தப் பணத்தைப் பிப்ரவரி நடுவுக்கு முன் விடுவிக்கக் கூடாது என்று சட்டமே இருப்பதால், அதுவரை நான் அவர்களை நச்சரிப்பதில் பொருளே இல்லை. “வரிப் பணம் வந்ததும்” என்று ஜனவரியில் ஒருவர் எழுதினால் நான் அதை அப்படியே நம்புகிறேன், அநேகமாகக் கட்டிவிடுகிறார்கள்.

குறுஞ்செய்தியின் பலத்தை நான் முழுதாகப் பார்த்தது 2023 இலையுதிர்காலத்தில். செப்டம்பர் 15 அன்று ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கம் மூன்று பெரிய கார் நிறுவனங்களிலும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. முதல் நாளே நின்ற மூன்று ஆலைகளில் ஒன்று எங்களுக்குப் பக்கத்தில், வெய்ன் நகரில் இருக்கும் ஃபோர்டு ஆலை. வேலைநிறுத்தத்தில் இருப்பவர்களுக்குச் சங்கம் வாரம் 500 டாலர் கொடுத்தது. மிகுதி நேர ஊதியத்தை நம்பிப் பெரிய டிரக் வாங்கியவருக்கு அந்த 500 டாலர் எந்த மூலைக்கு? அதே அக்டோபரில்தான் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைத்திருந்த கல்விக் கடன் தவணைகளும் மறுபடி தொடங்கின.

பழைய முறையில் என்றால், தவணை தவறும்வரை காத்திருந்துவிட்டு அதன்பின் அழைப்போம். இந்த முறை முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பினோம்: வேலைநிறுத்தத்தால் உங்கள் வருமானம் பாதிக்கப்பட்டிருந்தால் ‘ஸ்டிரைக்’ என்று ஒரே ஒரு சொல்லைப் பதிலாக அனுப்புங்கள், இரண்டு மாதத் தவணையைத் தள்ளிவைக்கும் படிவம் வரும். விளக்கம் வேண்டாம், கதை வேண்டாம், ஆதாரம் பிறகு. பதில்கள் கொட்டின. வருடக்கணக்கில் எங்கள் ஓர் அழைப்பைக்கூட எடுக்காதவர்கள் அந்த ஒற்றைச் சொல்லை அனுப்பினார்கள். சிலர் முழுப் பெரிய எழுத்துகளில், வியப்புக்குறியோடு. அதில் கெஞ்சல் இல்லை. ஊரே சேர்ந்து நிற்கும் காரியம் என்பதால் தன் நிலைமையைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

அந்தக் குவியலில் இருக்கை தயாரிக்கும் துணை நிறுவனம் ஒன்றில் வேலை செய்த பெண்ணின் செய்தியும் இருந்தது. “நான் வேலைநிறுத்தம் செய்யவில்லை. வேலைநிறுத்தத்தால் என் ஆலையை மூடியிருக்கிறார்கள். எனக்கும் இது பொருந்துமா?” அவருக்குச் சங்கத்தின் 500 டாலர் கிடையாது, மாநிலத்தின் வேலையில்லாக் காப்பீடு அப்போது வாரத்துக்கு அதிகபட்சம் 362 டாலர்தான். அவரைப் போன்றவர்களை எங்கள் திட்டம் நினைத்தே பார்க்கவில்லை. அவர் செய்தியை அப்படியே அச்சிட்டு மேலாளர் மேசையில் வைத்தேன். படிவத்தில் ஒரு வரி சேர்ந்தது. அக்டோபர் 25 அன்று ஃபோர்டிலும் அந்த மாத முடிவுக்குள் மற்ற இரண்டிலும் உடன்பாடு வந்தது. தள்ளிவைத்த தவணைகள் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பின.

இதையெல்லாம் படித்துவிட்டுக் குறுஞ்செய்தி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். கட்ட மனமும் கொஞ்சம் வழியும் இருப்பவருக்கு அது நல்லது. வழியே இல்லாதவர் அதற்குள் ஒளிந்துகொள்கிறார். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் என் திரை காட்டும். படித்தாரா என்று காட்டாது. பதில் இல்லை என்றால் அவர் மருத்துவமனையில் இருக்கலாம், சிறையில் இருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். எண் கைமாறியிருக்கலாம்: “நான் அவர் இல்லை, இந்த எண் போன மாதம்தான் எனக்குக் கிடைத்தது, அவருடைய பல் மருத்துவரும் என்னைத்தான் துரத்துகிறார்” என்று ஒருவர் எழுதினார். கைமாறிய எண்களைச் சரிபார்க்க 2021 முதல் அரசே ஒரு தரவுத்தளம் நடத்துகிறது. ஒவ்வொரு தொகுதியும் அனுப்புமுன் அதில் ஓட்டிப் பார்க்கிறோம். அப்படியும் சில தப்பிவிடுகின்றன. ஐம்பதாவது நாளைத் தாண்டியும் மௌனம் என்றால் நான் செய்தியை நிறுத்திவிட்டு அழைக்கிறேன், கடிதம் போடுகிறேன். இயந்திரம் பாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கத் தயார். அதற்கு அலுப்பே கிடையாது.

ஏனென்றால் அதன்பின் வருவது காரைத் தூக்குவது. அமைதிக்குப் பங்கம் இல்லாமல் எடுக்க முடியுமானால் அதற்கு நீதிமன்ற ஆணை தேவையில்லை. அதனால் இழுவை வண்டி விடியற்காலையில் வரும். மிச்சிகனில் கார் போனால் அநேகமாக வேலையும் போகும். ஏலத்தில் கார் விற்று, கடனில் மீதி நின்றால் அதையும் அவரே கட்டவேண்டும். ஓட்ட ஒரு காரும் இல்லாமல் அதற்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பவரிடம் பேசும்போது எந்த வாசகமும் சரியாக இருப்பதில்லை. இந்தக் கட்டத்துக்கு வந்த யாருக்கும் நான் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. அது விதி இல்லை, என் பழக்கம்.

இப்போது செயற்கை நுண்ணறிவை விற்க வருகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு வரும் பதிலுக்கு அந்த நிமிடமே இதமாகப் பதில் எழுதுமாம். இரவு பதினொரு மணிக்கு எழுதுபவர் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே உடனே பதில் வராது என்பதால்தான் என்று விளக்கினேன். விற்பனையாளர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

சென்ற ஆண்டு என் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வந்தது. ஆளை எனக்குத் தெரியாது. தெரிந்தவர் என்றால் கணக்கு தானாகவே வேறொருவருக்குப் போய்விடும். எச்1பி விசாவில் இருந்தவர்; வேலை போய்விட்டது; வேறு வேலை தேட அந்த விசா தரும் அவகாசம் அதிகபட்சம் 60 நாட்கள். காரின் விலை கடன் பாக்கியைவிடக் குறைவு. வழக்கமான செய்தி அனுப்பினேன், கீழே என் பெயரோடு. அன்று மதியமே பதில் வந்தது, அழகான ஆங்கிலத்தில்: முழுவதையும் கட்ட எண்ணியிருக்கிறேன், ஆனால் தவறாக நினைக்கவேண்டாம், இதை வேறொருவர் கவனிக்க முடியுமா? காரணம் எதுவும் எழுதவில்லை. என் பெயர் தமிழ்ப் பெயர், அவ்வளவுதான் காரணம். நான் பொங்கல் விழாவில் வரிசையில் அவருக்கு முன்னால் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கக்கூடியவள். மன்னிப்பு எதுவும் வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவிட்டு, டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்டிராம்க் நகரில் வளர்ந்த என் சக ஊழியரிடம் கணக்கை ஒப்படைத்தேன்.

அவர் காரை விற்று, மீதியைச் சிறிய தனிக்கடனாக மாற்றிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. தெரிந்ததும் ஒரு முகவரியால்தான். “இதை எந்தப் பெட்டியில் போடுவது?” என்று சக ஊழியர் என்னிடம் திரையைத் திருப்பிக் காட்டினார். பழைய எண், புது எண், இரண்டாவது குறுக்குத் தெரு, பிள்ளையார் கோவில் எதிரில், கோயம்புத்தூர். இரண்டு வரியில் அடக்கிக் கொடுத்தேன். எங்கள் மென்பொருள் அஞ்சல் குறியீட்டுக்கு ஐந்து இலக்கம்தான் ஏற்கும் என்பதால் கடைசி இலக்கத்தைக் கோவிலுக்குப் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். இதுவரை ஒரு கடிதமும் திரும்பி வரவில்லை.